பிரிட்டன் ஐஸ்லாந்தைப் பயங்கரவாத நாடாக அறிவித்ததாமே, உண்மையா? ஐஸ்லாந்து என்ன பதில் சொன்னது?

கேட்டவர் கேள்வியோடு இரண்டு வரி விளக்கமும் எழுதியிருக்கிறார்: "2008 நிதி நெருக்கடியில் பிரிட்டன், ஐஸ்லாந்தை அல்-கொய்தாவோடு ஒரே பட்டியலில் வைத்தது என்று படித்தேன். ராணுவமே இல்லாத நாட்டை எப்படி அப்படிச் சொல்ல முடியும்? அவர்கள் அதை எப்படி எதிர்கொண்டார்கள்?"

முதல் கேள்விக்குப் பதில்: அறிவிக்கவில்லை. ஆனால் பயங்கரவாதம் என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கிய ஒரு சட்டத்தை எடுத்து ஐஸ்லாந்தின் வங்கி ஒன்றை அடித்தார்கள். பட்டியல் விஷயம் மட்டும் உண்மை. இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஐஸ்லாந்து அரசு சொன்ன பதில் ஒன்று, ஐஸ்லாந்து ஜனங்கள் சொன்ன பதில் வேறு. அரசின் பதில் சொதப்பல். ஜனங்களின் பதில்தான் நின்றது. கடைசியில் பிரிட்டன் வாங்கிய ஒப்பந்தத்தைக் கவிழ்த்ததும் அதுதான்.

நான் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பல வருடம் குப்பை கொட்டியவன். அதனால் இதை ராஜதந்திரக் கதையாகப் பார்ப்பதைவிட, ஒரு பேமெண்ட் ஏன் நின்றுபோகிறது என்ற கண்ணால் பார்ப்பதே எனக்குப் பழக்கம். அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஐஸ்லாந்தின் ஜனத்தொகை அப்போது சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம். பெரிய வங்கிகள் மூன்று: காப்திங், லாண்ட்ஸ்பாங்கி, கிளிட்னிர். மூன்றின் சொத்துக் கணக்கையும் கூட்டினால், அந்த நாடு ஒரு வருடத்தில் உழைத்துச் சம்பாதிப்பதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. மீன் பிடித்து, அலுமினியம் உருக்கி வாழ்ந்த தீவு, சில வருடங்களுக்குள் ஐரோப்பாவுக்கே கடன் கொடுக்கிற கடையாக மாறியிருந்தது. லாண்ட்ஸ்பாங்கியின் தலைவர் லண்டனில் வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியையே வாங்கி வைத்திருந்தார். அந்த அளவுக்குக் கொடி பறந்தது.

கடன் சந்தையில் பணம் கிடைப்பது இறுகத் தொடங்கியதும் லாண்ட்ஸ்பாங்கி வேறு வழி பார்த்தது. 2006 அக்டோபரில் பிரிட்டனில் 'ஐஸ்சேவ்' என்ற இணையச் சேமிப்புக் கணக்கைத் திறந்தார்கள். கிளைக் கட்டடம் கிடையாது, கவுண்டர் கிடையாது. வட்டி மட்டும் 6 விழுக்காட்டுக்கு மேல் போனது. பக்கத்துக் கடையைவிடக் கால் விழுக்காடு கூடக் கொடுத்தாலே டெபாசிட் ஓடிவரும் என்பது வங்கியில் இருந்தவர்களுக்குத் தெரியும். இங்கே சுமார் 3 லட்சம் பேர், 400 கோடி பவுண்டுக்கு மேல் போட்டார்கள். 2008 மே மாதம் நெதர்லாந்திலும் கடை விரித்தார்கள். அந்த வங்கியின் தலைமை நிர்வாகிகளில் ஒருவர் இந்தத் திட்டத்தைப் பற்றி, கலப்படமே இல்லாத மேதைமை என்ற பொருளில் பெருமையாகச் சொன்னது பிறகு ஐஸ்லாந்தில் ஒரு கசப்பான நகைச்சுவையாகவே நிலைத்துவிட்டது.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஐஸ்சேவ், சட்டப்படி லாண்ட்ஸ்பாங்கியின் லண்டன் கிளை நடத்திய கணக்கு. தனியாகப் பதிவு செய்யப்பட்ட பிரிட்டிஷ் துணை நிறுவனம் அல்ல. இரண்டு நாடுகளும் அப்போது சேர்ந்திருந்த ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியின் விதிப்படி, ஒரு நாட்டில் உரிமம் பெற்ற வங்கி மற்ற நாடுகளில் கிளை திறக்கலாம். டெபாசிட்டுக்கு முதல் காப்பீடு தாய்நாட்டு நிதியிலிருந்து வர வேண்டும். குறைந்தபட்சக் காப்பீடு ஒருவருக்கு 20,887 யூரோ, அப்போதைய கணக்கில் சுமார் 16,000 பவுண்ட். அதாவது, மான்செஸ்டரில் உட்கார்ந்து கணக்குத் தொடங்கிய ஒருவருக்கு ஆபத்து வந்தால், முதலில் கதவைத் திறக்க வேண்டியது ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் இருக்கும் ஒரு சின்ன நிதி. அந்த நிதியிலோ, இந்த அளவுக்குப் பணமே கிடையாது. இது இரண்டு நாட்டு அதிகாரிகளுக்கும் முன்கூட்டியே தெரியும்.

2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்தது. இரண்டே வாரத்தில் ஐஸ்லாந்து ஆடத் தொடங்கியது. அக்டோபர் 6 அன்று பிரதமர் கெய்ர் ஹார்டே தொலைக்காட்சியில் தோன்றி, நாடே திவாலாகக்கூடிய நிலை என்று விளக்கி, "கடவுள் ஐஸ்லாந்தைக் காக்கட்டும்" என்று முடித்தார். அங்கே அரசியல்வாதிகள் பேச்சில் கடவுளை இழுக்கும் வழக்கம் இல்லை. அந்த ஒரு வரியைக் கேட்ட பிறகுதான் பலருக்கு வயிறு கலங்கியது. அன்றே அவசரச் சட்டம் நிறைவேறியது. வங்கிகளை அரசு கையகப்படுத்தலாம் என்றது அது. உள்நாட்டு டெபாசிட்டுக்கு முழு உத்தரவாதம் என்று அரசு தனியாக அறிவித்தது. வெளிநாட்டு டெபாசிட் பற்றி அதே தெளிவு இல்லை.

மறுநாள், அக்டோபர் 7. பிரிட்டிஷ் நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங், ஐஸ்லாந்து நிதியமைச்சர் ஆர்னி மத்தீசனைத் தொலைபேசியில் அழைத்தார். அந்த உரையாடலின் எழுத்து வடிவம் பிறகு வெளியானது. அதைப் படித்தால் நமக்கே சங்கடமாக இருக்கும். டார்லிங், எங்கள் ஆட்களுக்கு அந்தப் பதினாறாயிரமாவது வருமா என்று கேட்கிறார். மத்தீசன், வரும் என்று நம்புகிறேன், ஆனால் இப்போது உறுதி சொல்ல முடியாது, முயற்சி செய்கிறோம் என்கிறார். உங்கள் நாட்டின் பெயர் கெட்டுப்போகும் என்று டார்லிங் எச்சரிக்கிறார். கடன்காரனும் கடன் பட்டவனும் பேசிக்கொள்ளும் அதே தொனி. 'தருகிறேன்' என்று அவர் சொல்லவில்லை. 'தரமாட்டேன்' என்றும் சொல்லவில்லை.

அன்று இரவே ஐஸ்லாந்து மத்திய வங்கியின் தலைவர் டேவிட் ஒட்ஸன் உள்ளூர்த் தொலைக்காட்சியில், பொறுப்பில்லாதவர்கள் வாங்கிய கடனை நாம் கட்டப்போவதில்லை என்ற பொருளில் பேசினார். அவர் முன்னாள் பிரதமர். பேச்சில் அடக்கம் என்றைக்கும் இருந்ததில்லை. அந்தப் பேட்டி மொழிபெயர்ப்பாகி லண்டனுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? 8-ஆம் தேதி காலை பிபிசி வானொலியில் டார்லிங், ஐஸ்லாந்து அரசு தன் கடமையை நிறைவேற்றும் எண்ணமே இல்லை என்று நேற்று என்னிடம் சொல்லிவிட்டது என்றார். மத்தீசன் சொன்னதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

அன்று காலை 10 மணிக்கு 'லாண்ட்ஸ்பாங்கி முடக்க ஆணை 2008' கையெழுத்தானது. 10.10-க்கு அமலுக்கு வந்தது. நண்பகல் 12 மணிக்கு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. இந்த மூன்று நேரங்களும் ஆணையின் தலைப்பிலேயே அச்சாகியிருக்கின்றன. கையெழுத்துக்கும் அமலுக்கும் நடுவே பத்து நிமிடம். பணம் ஓடிவிடக் கூடாது என்ற பதற்றம் அதிலேயே தெரிகிறது. லேமன் விழுந்தபோது அதன் லண்டன் பிரிவின் பணம் நியூயார்க்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்ற சூடு பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு ஆறவில்லை. ஒரு தடவை சுட்டுக்கொண்டவர்கள். அந்தப் பயத்தை நான் நியாயம் என்றே சொல்வேன்.

சிக்கல், எடுத்த தடியில் இருந்தது. ஆணைக்கு அடிப்படையான சட்டம், 'பயங்கரவாதத் தடுப்பு, குற்றம் மற்றும் பாதுகாப்புச் சட்டம், 2001'. நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு அந்த டிசம்பரில் அவசரமாக நிறைவேறியது. அதன் இரண்டாம் பகுதி, வெளிநாட்டு அரசோ வெளிநாட்டில் வசிக்கும் ஆளோ பிரிட்டனின் பொருளாதாரத்துக்குக் கேடு செய்தாலும், செய்யக்கூடும் என்று நியாயமாக நம்பினாலும், சொத்தை முடக்கலாம் என்கிறது. அந்தப் பகுதியைப் பயன்படுத்த யாரும் பயங்கரவாதியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. இன்னும் ஒரு வேடிக்கை: இதே மாதிரி முடக்கும் அதிகாரம் 1964-ஆம் வருட அவசரநிலைச் சட்டம் ஒன்றில் ஏற்கெனவே இருந்தது. 2001-இல் அதை அங்கிருந்து எடுத்துவிட்டு, விரிவாக்கி, புதுச் சட்டத்துக்குள் வைத்துத் தைத்துவிட்டார்கள். பழைய சட்டமே இருந்திருந்தால் இந்தக் கதையை இன்று யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே பிரிட்டிஷ் வக்கீல் கோணத்தில், "நாங்கள் யாரையும் பயங்கரவாதி என்று சொல்லவில்லை" என்பது சரியான வாதம். ஆனால் ஆணையை வெளியிட்ட பிரிட்டிஷ் கருவூலத் துறை என்ன செய்தது? தன் இணையப் பக்கத்தில், நிதித் தடைக்கு உள்ளானவர்கள் வரிசையில் லாண்ட்ஸ்பாங்கியின் பெயரைப் போட்டது. அதே வரிசையில் அல்-கொய்தா, தாலிபான், பர்மா, ஜிம்பாப்வே, வடகொரியா. ஆணையின் வாசகத்தில் லாண்ட்ஸ்பாங்கி மட்டும் இல்லை. அந்த வங்கி தொடர்பான பணம் ஐஸ்லாந்து மத்திய வங்கியிடமோ, நிதிக் கண்காணிப்பு அமைப்பிடமோ, அரசிடமோ இருந்தால் அதுவும் முடக்கம் என்று எழுதியிருந்தார்கள். ஒரு நேட்டோ நாட்டின் அரசையும் மத்திய வங்கியையும் பெயர் சொல்லி எழுதியாகிவிட்டது.

இங்கேதான் என் பழைய மேசைக்குப் போக வேண்டும். வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்தில் பணம் விமானத்தில் பறப்பதில்லை. நம் வங்கிக்கு லண்டனில் இன்னொரு வங்கியில் ஒரு கணக்கு இருக்கும். நாஸ்ட்ரோ கணக்கு என்போம். செய்தி போனதும் அங்கே ஒரு வரி பற்று, ஒரு வரி வரவு, அவ்வளவுதான். அந்தச் செய்தி போகும் வழியில் ஒரு மென்பொருள் உட்கார்ந்து, அனுப்புநர், பெறுநர், வங்கி, நாடு எல்லாவற்றையும் தடைப் பட்டியலோடு ஒப்பிடும். ஒரு பெயர் ஒட்டினால் திரையில் 'ஹிட்' என்று வரும். அதன் பிறகு அந்த அதிகாரிக்கு இரண்டே வழி. சட்டத்தை எடுத்து வைத்து, எந்தப் பிரிவு, யாருக்குப் பொருந்தும், இந்தப் பரிமாற்றம் அதில் வருமா என்று ஒரு மணி நேரம் படிப்பது. இல்லையென்றால் நிறுத்தி வைப்பது. நிறுத்தி வைத்ததற்காக எந்த அதிகாரியும் வேலை இழந்ததில்லை. அனுப்பிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. இதில் யார் படித்துக்கொண்டிருப்பார்கள்?

ஒரு தடவை என் மேசையிலேயே, ஒரு வாடிக்கையாளரின் ஊர்ப்பெயர் தடைப் பட்டியலில் இருந்த ஒரு நிறுவனத்தின் பெயரோடு ஓரளவு ஒத்துப்போனது. தோல் இறக்குமதிப் பணம். பதினோரு நாள் நின்றது. ஆள் தினமும் வந்து எதிரே உட்காருவார். "சார், நான் என்ன தப்பு பண்ணேன்?" என்பார். எதுவும் பண்ணவில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், லண்டனில் இருந்தவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் பணம் நகராது.

ஒரு ஊர்ப்பெயருக்கே இப்படி என்றால், ஒரு நாட்டுக்கு என்ன ஆகியிருக்கும்? லாண்ட்ஸ்பாங்கியோடு சம்பந்தமே இல்லாத ஐஸ்லாந்து நிறுவனங்களுக்கும் பிரிட்டன் வழியாகப் பணம் வருவது தடுமாறியது. மீன் ஏற்றுமதி செய்தவர்களுக்குப் பணம் வந்து சேரவில்லை. இறக்குமதி செய்பவர்களிடம் விற்பவர்கள் முன்பணம் கேட்டார்கள். உணவிலிருந்து மருந்து வரை பெரும்பகுதி கப்பலில் வர வேண்டிய தீவு அது. ஆணை வந்த அன்றே பிரிட்டிஷ் அதிகாரிகள் காப்திங்கின் லண்டன் துணை வங்கியை நிர்வாகியின் கையில் ஒப்படைத்தார்கள். அதற்கு மறுநாள் ரெய்க்யவிக்கில் காப்திங்கே சாய்ந்தது. மூன்றில் கொஞ்சம் தாங்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட வங்கி அதுதான், அக்டோபர் 6 அன்று மத்திய வங்கி 50 கோடி யூரோ கடன் கொடுத்துத் தாங்கிப் பிடித்த வங்கி. முடக்க ஆணை இல்லாவிட்டால் அது பிழைத்திருக்கும் என்று ஐஸ்லாந்தில் பலர் இன்றும் சொல்வார்கள். நான் நம்பவில்லை. அதன் கடன் புத்தகம் உள்ளே அழுகியிருந்தது என்பது பிறகு நடந்த விசாரணைகளில் வெளிவந்துவிட்டது.

இனி பதில்களுக்கு வருவோம்.

அரசின் பதில் மூன்று துண்டாக வந்தது, ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. பிரதமர் ஹார்டே, இது முற்றிலும் நட்பில்லாத செயல் என்று டார்லிங்கிடம் சொன்னதாக அறிவித்தார். நண்பர்கள் கைவிட்டால் புது நண்பர்களைத் தேட வேண்டியதுதான் என்று ஆணைக்கு முந்தின நாளே ரஷ்யாவிடம் 400 கோடி யூரோ கடன் பேசத் தொடங்கியிருந்தார்கள், அதைத் தொடர்ந்தார்கள். அந்தக் கடன் வரவேயில்லை. டிசம்பரில் நேட்டோ முறைப்படி ஐஸ்லாந்து வான்வெளியைக் காக்க பிரிட்டிஷ் விமானப்படை வர வேண்டிய முறை. அது வேண்டாம் என்று ஆனது. சொந்த விமானப்படை இல்லாத நாடு, காவலுக்கு வருகிறவனைப் பார்த்து 'நீ வராதே' என்று சொல்வதில் ஒரு வீம்பு இருக்கிறது, எனக்கு அது பிடிக்கும். ஆனால் வழக்கு என்று வந்தபோது, முடக்க ஆணையை எதிர்த்துப் பிரிட்டிஷ் நீதிமன்றத்துக்குப் போகும் பேச்சு பேச்சாகவே நின்றுவிட்டது. சட்டத்தின் வாசகம் பிரிட்டனுக்குச் சாதகம் என்பதை வக்கீல்கள் சொல்லியிருப்பார்கள்.

ஜனங்களின் பதில் வேறு திசையில் வந்தது. 'இன்டிஃபென்ஸ்' என்ற பெயரில் தனி மனிதர்கள் சிலர் சேர்ந்து அக்டோபர் கடைசியில் ஒரு இணைய மனுவைத் தொடங்கினார்கள். தலைப்பு: 'ஐஸ்லாந்துக்காரர்கள் பயங்கரவாதிகள் அல்ல'. கையெழுத்தோடு படமும் அனுப்பலாம். அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் கோர்டன் பிரவுனுக்கு எழுதிய அஞ்சலட்டை மாதிரி, கையில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு மக்கள் படம் எடுத்து அனுப்பினார்கள். கம்பளி ஸ்வெட்டர் போட்ட தாத்தா பாட்டிகள், கைக்குழந்தையைத் தூக்கிய அம்மாக்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். அட்டையில், எங்களைப் பார்த்தால் பயங்கரவாதி போலவா இருக்கிறது என்ற ஒரே கேள்விதான் பல விதமாக. பின்னால் பனி மூடிய மலையோ, சமையலறையோ, படகோ. ஆவேசம் எதுவும் இல்லை. ஒரு சின்னக் குழந்தை அந்த அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தால் அதற்கு எந்த அமைச்சர் மறுப்பு அறிக்கை விட முடியும்?

83,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஜனத்தொகையில் ஏறக்குறைய நாலில் ஒருவர் என்ற கணக்கு. 2009 மார்ச்சில் அதை லண்டனுக்குக் கொண்டுபோய் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒப்படைத்தார்கள்.

இது ஏன் வேலை செய்தது என்று யோசித்திருக்கிறேன். "எங்கள் வங்கி கடன் பாக்கி வைக்கவில்லை" என்று அவர்கள் வாதாடவில்லை. அது பொய்யாகியிருக்கும். பணக் கணக்கை முன்னால் வைக்காமல், அந்தச் சொல் மேல் கை வைத்தார்கள். சொல்லுக்குப் பதில் முகம். கடன் விவகாரத்தில் பிரிட்டன் பக்கம் நியாயம் நிறைய இருந்தது. அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளாட்சி அமைப்புகள் ஐஸ்லாந்து வங்கிகளில் பணம் போட்டு மாட்டியிருந்தன. கென்ட் கவுண்டி மட்டும் 5 கோடி பவுண்ட். பூனைகளைப் பாதுகாக்கும் ஒரு தொண்டு நிறுவனம் கூட ஒரு கோடிக்கு மேல் போட்டிருந்தது. உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்ய வேண்டிய ஆடிட் கமிஷனே 1 கோடி பவுண்ட் போட்டு விழித்துக்கொண்டிருந்தது. இத்தனை நியாயமும் 'பயங்கரவாதம்' என்ற ஒரு சொல்லுக்குக் கீழே போய்ப் புதைந்தது. கோபப்பட வேண்டிய இடத்தில் இருந்தவன், அதட்டுகிறவனாகத் தெரிந்தான்.

பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது. 1958 தொடங்கி 1976 வரை மூன்று முறை இந்த இரு நாடுகளும் மீன்பிடி எல்லைக்காக முட்டிக்கொண்டன. 'காட் சண்டை' என்று பெயர், காட் என்பது மீன். பிரிட்டன் போர்க்கப்பல் அனுப்பியது. ஐஸ்லாந்தின் கடலோரக் காவல் படகுகள் கொக்கி மாதிரி ஒரு கருவியை இழுத்துச் சென்று பிரிட்டிஷ் படகுகளின் வலைக் கம்பியை அறுத்தன. மூன்று முறையும் ஐஸ்லாந்து கேட்டதே நடந்தது, எல்லை 200 கடல் மைல் ஆனது. அதற்கும் முன்பு, 1940 மே மாதம், நடுநிலை வகித்த ஐஸ்லாந்தில் பிரிட்டிஷ் படை கேட்காமலேயே இறங்கியிருக்கிறது. பெரிய அண்ணன் மிரட்டினால் என்ன செய்வது என்று அந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மற்ற நாடுகள் இப்படி முத்திரை விழுந்தால் என்ன செய்கின்றன என்று ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். சூடானை அமெரிக்கா 1993-இல் பயங்கரவாதத்தை ஆதரிக்கும் நாடுகளின் பட்டியலில் வைத்தது. ஆட்சி மாறிய பிறகும் பெயரை நீக்க, தாக்குதல்களில் பாதிக்கப்பட்டவர்களுக்காக 33.5 கோடி டாலர் கொடுத்து, 2020 டிசம்பரில்தான் வெளியே வந்தது. 2025 ஜூனில், பயங்கரவாதப் பாதுகாப்பைக் காரணம் காட்டிய அமெரிக்கப் பயணத் தடையில் சாட் நாடு சேர்க்கப்பட்டபோது, எங்களிடம் கொடுக்க விமானமோ கோடிக்கணக்கான டாலரோ இல்லை, தன்மானம் இருக்கிறது என்று அதன் அதிபர் எழுதிவிட்டு, அமெரிக்கர்களுக்கு விசா நிறுத்தினார். ஒருவர் பணம் கட்டினார், ஒருவர் கதவைச் சாத்தினார். ஐஸ்லாந்துக்காரர்கள் படம் எடுத்து அனுப்பினார்கள். அவர்களுக்கு அது கைகொடுத்ததற்கு, அவர்கள் வெள்ளை ஐரோப்பியர்கள், நேட்டோக்காரர்கள் என்பதும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதே அட்டையை ஒரு சூடான் குழந்தை பிடித்திருந்தால் லண்டனில் எத்தனை பேர் சிரித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

முடக்க ஆணை 2009 ஜூன் 15 அன்று நீங்கியது. சும்மா நீங்கவில்லை. ஜூன் 5-இல் ஐஸ்லாந்து அரசு, பிரிட்டனும் நெதர்லாந்தும் தம் மக்களுக்குக் கொடுத்த காப்பீட்டுத் தொகையை 5.5 விழுக்காடு வட்டியோடு 15 வருடத்தில் திருப்பித் தருவதாகக் கையெழுத்திட்டது. அதற்குள் ஹார்டேயின் அரசு, பாத்திரத்தைத் தட்டித் தெருவில் இறங்கிய ஜனங்களிடம் வீழ்ந்து புது அரசு வந்திருந்தது. அந்தப் புது அரசுதான் கையெழுத்துப் போட்டது. பிரிட்டன் ஜெயித்துவிட்டது போலத் தெரிந்தது.

ஆனால் ஜனங்கள் மறக்கவில்லை. 2009 டிசம்பர் 30 அன்று நாடாளுமன்றம் 33-க்கு 30 என்ற கணக்கில் இதற்கான சட்டத்தை நிறைவேற்றியதும், அதே இன்டிஃபென்ஸ் ஆட்கள் மறுபடி கையெழுத்துத் திரட்டினார்கள். இந்த முறை கையெழுத்துப் போட்டவர்கள் வாக்காளர்களில் ஏறக்குறைய கால்வாசி. 2010 ஜனவரி 2 அன்று, குளிரில், சிவப்புத் தீப்பந்தங்களோடு அதிபர் மாளிகைக்குப் போய்க் கொடுத்தார்கள். மூன்று நாள் கழித்து அதிபர் ஒலாஃபுர் ராக்னர் கிரிம்சன் கையெழுத்திட மறுத்தார். மார்ச் 6 பொது வாக்கெடுப்பில், பதிவான வாக்குகளில் 93 விழுக்காடு 'வேண்டாம்'. வட்டியைக் குறைத்து இன்னொரு ஒப்பந்தம் பேசி வந்தார்கள். அதையும் 2011 ஏப்ரல் 9 அன்று ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள்.

வட்டி விழுக்காடு, தவணைக் காலம் என்று இருந்த ஒரு கணக்கை மக்கள் மானப் பிரச்சினையாக வாக்களித்துத் தீர்த்தார்கள். அந்த 93-ஐ உண்டாக்கியதில், 2008 அக்டோபர் 8 காலை 10.10-க்கு நடந்ததற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. நெதர்லாந்துக்கும் இதே பாக்கிதான். அவர்கள் பயங்கரவாதச் சட்டம் எதையும் தொடவில்லை, மூன்றே நாளில் ரெய்க்யவிக்கில் பேசி ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அவர்களுடைய பணமும் அதே வாக்கெடுப்பில் சேர்ந்து மாட்டியது, ஆனால் ஐஸ்லாந்தில் நெதர்லாந்துப் பிரதமர் பெயரைச் சொல்லி யாரும் திட்டிக் கேட்டதில்லை. பிரவுன் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள்.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது, ஐஸ்லாந்தை ரசித்து எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். வெளியிலிருந்து விழுந்த அந்த அடி, உள்ளூர்க் குற்றவாளிகளுக்கு நல்ல குடையாகவும் ஆனது. வங்கி நடத்தியவர்களும், அவர்களைக் கண்காணிக்காமல் விட்டவர்களும், "எல்லாம் பிரிட்டன் செய்த வேலை" என்று சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்தது. கொஞ்ச நாள் அது எடுபட்டது. 2010 ஏப்ரலில் நாடாளுமன்றம் நியமித்த விசாரணைக் குழுவின் அறிக்கை பல தொகுதிகளாக வந்த பிறகுதான் அது உடைந்தது. வங்கிகள் தங்கள் முதலாளிகளுக்கே அள்ளிக் கொடுத்த கடன்கள் அதில் வரிசையாக இருந்தன. பிறகு பல வங்கியாளர்கள் சிறைக்குப் போனார்கள். ஹார்டே மீதும் 2012-இல் தனி நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, ஒரு குற்றச்சாட்டில் மட்டும் குற்றவாளி என்று தீர்ப்பானது, தண்டனை இல்லை.

பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பிரிட்டனில் ஐஸ்சேவில் போட்ட சாதாரண மக்கள் யாரும் இழக்கவில்லை. பிரிட்டிஷ் அரசும் காப்பீட்டு நிதியும் சேர்ந்து முழுதாகக் கொடுத்துவிட்டன. அந்தத் தொகைக்கு ஐஸ்லாந்து அரசு பொறுப்பா என்ற கேள்வி ஐஸ்லாந்து, நார்வே போன்ற நாடுகள் அந்த ஐரோப்பிய விதிகளை மீறினால் விசாரிக்கும் எஃப்டா நீதிமன்றத்துக்குப் போய், 2013 ஜனவரி 28 அன்று ஐஸ்லாந்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. காப்பீட்டு நிதியில் பணம் போதாமல் போனால் அரசு தன் கையிலிருந்து போட வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை என்றது நீதிமன்றம். திவாலான லாண்ட்ஸ்பாங்கியின் சொத்துகளை விற்று வந்த பணத்தில், 2008 அவசரச் சட்டமே டெபாசிட்காரர்களுக்கு முதல் உரிமை கொடுத்திருந்ததால், பிரிட்டனின் பாக்கியும் நெதர்லாந்தின் பாக்கியும் தவணை தவணையாக அடைந்துகொண்டே வந்தன. கடைசித் தவணை 2016 ஜனவரியில் போய்ச் சேர்ந்தது.

அதே 2016 ஜனவரியில் பிரிட்டிஷ் கருவூலம் அந்த 2001 சட்டத்தின் அதே இரண்டாம் பகுதியை மறுபடி எடுத்தது. இந்த முறை முடக்கப்பட்டது இரண்டு ரஷ்யர்களின் சொத்து. லண்டனில் அலெக்சாண்டர் லித்வினென்கோவுக்குத் தேநீரில் பொலோனியம் கலந்து கொடுத்துக் கொன்றவர்கள் என்று விசாரணை அறிக்கை பெயர் சொன்னவர்கள்.